எழுதாமல் திருப்பிய எண்கள்

1991 ஏப்ரல் 7, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் படி இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். என் பேத்தி லொரேதானா நர்ஸ் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். அவளோடு எழுதிய பெண்களில் நாலு பேர் மறுபடி எழுத வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுடைய பாட்டிமார் பக்கத்தில்தான் நின்றார்கள். பேரன் பிலிப்போ நீச்சலில் மாநிலத்திலேயே இரண்டாவது. முதலாவதாக வந்த பையன் ஆறேகால் அடியாம், கையை நீட்டினாலே கரை வந்துவிடும், அதையெல்லாம் எப்படிக் கணக்கில் சேர்ப்பது. சின்னவள் கிராத்சியா ஏழு வயதில் இத்தாலியன், இங்கிலீஷ் என்று இரண்டு பாஷை எழுதுகிறாள், இரண்டிலும் வாயாடுகிறாள்.

நுன்சியோவைக் கடைசிக்கு வைத்திருந்தேன். என் மூத்தவன் சால்வோ போன பிறகு பன்னிரண்டு வயதிலிருந்து நான் வளர்த்த பேரன், இப்போது என் வீட்டு மாடியில் இருக்கிறவன். இன்சூரன்ஸ் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர் ஹாலில் மே முதல் தேதியிலிருந்து மத்தியான ஷிப்டுக்கே அவன்தான் தலைவன். இருபத்தொன்பது வயதில்! நான் ஐந்தாவதோடு நின்றவள்.

யாத்விகா என் கையைப் பிடித்து இழுத்தாள். "போதும்டி அசுந்தா. பாதிரியார் காதுலயும் ஊதிட்டியா? அடுத்த வாரம் பிரசங்கத்துல சேர்த்துக்குவார்."

"பாராட்டத்தான் உனக்கு வாய் வராதே" என்றேன்.

"என் மகன்தானே அவனை அந்த ஹாலுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போனான். எனக்கும் அதுல பாதி உண்டு" என்றாள். அது நிஜம். அவள் மகன் ரோமன் இல்லாவிட்டால் நுன்சியோ இன்னும் பழக்கடையில் பெட்டி தூக்கிக்கொண்டிருப்பான்.

ஏப்ரல் 8, திங்கள்

அரிசி வேகவைத்து ஆறப்போட்டிருக்கிறேன். அறுபது அரஞ்சினி, அத்தனை சோற்று உருண்டையையும் உருட்டிப் பொரிக்க வேண்டும். ஹாலில் இரண்டு ஷிப்டும் சாப்பிட வேண்டும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஒன்றேகால் மணிக்கே நுன்சியோவைத் தள்ளி அனுப்பினேன். "ஷிப்டு ரெண்டு மணிக்குத்தானே நோன்னா" என்று இந்தப் பாட்டியிடம் முனகினான். காலை ஷிப்டுக்காரர்கள் கிளம்புமுன் சூட்டோடு தின்ன வேண்டாமா? இரண்டு தட்டு, மேலே துணி, காரின் முன் சீட்டில் பெல்ட் போட்டு வைத்தேன். முழங்கால் வலி. ஆனால் மனது நிறைந்திருக்கிறது.

ஏப்ரல் 10, புதன்

காலை காபிக்கு இறங்கி வந்தான். தட்டுகள் காலி. ரோமன் மட்டும் நாலு தின்றாராம், கணினி அறையில் சாப்பாடு கூடாது என்று தானே எழுதி ஒட்டிய காகிதத்துக்குக் கீழே நின்றுகொண்டு.

நேற்று அங்கே பெரிய களேபரமாம். மத்தியானம் பன்னிரண்டு நாற்பதிலிருந்து ஒன்றரை வரை மெஷின் உறைந்துபோய் நின்றுவிட்டது. நாடு முழுக்கக் கம்பெனி ஆபீஸ்களில் ஆயிரம் குமாஸ்தாக்கள் திரையைப் பார்த்துக்கொண்டு கை கட்டி உட்கார்ந்திருந்தார்களாம்.

"அது எப்படிடா உறையும்?"

"ஒவ்வொரு குமாஸ்தாவும் ஒரு பாலிசி நம்பரை அடிச்சா அது எங்க மெஷினுக்குள்ள ஒரு வேலையா வந்து நிக்கும், நோன்னா. பதில் கொடுத்ததும் வெளிய போயிடும். ஒரே நேரத்துல எத்தனை பேரை உள்ள விடலாம்னு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு வைக்கிறவர் ரோமன். போன சனிக்கிழமை கொஞ்சம் குறைச்சு வெச்சார்."

"அப்ப ரோமன் தப்பா?"

"யார் கண்டா. மேனேஜர் ஹாலரன் போன வாரம் ஒரு புது புரோகிராமை உள்ள இறக்கினார். அது உள்ள வந்து கதவைப் பிடிச்சுக்கிட்டு வெளிய போகாம நின்னிருந்தாலும் இதேதான் ஆகும். எண்ணுங்களைப் பார்த்தா தெரிஞ்சுடும். மெஷின் எல்லாத்தையும் எண்ணிக்கிட்டே இருக்கும். எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் காத்திருந்தாங்க, வரம்புல எத்தனை தரம் முட்டுச்சு. மூணு மணி நேரத்துக்கு ஒரு தரம் தானா டேப்புல எழுதிட்டு, தானா பூஜ்யம் ஆக்கிக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வெல்வெட் மில்லில் ஒவ்வொரு தறி மேலேயும் ஓர் எண்சக்கரம் இருந்தது. ஊடை ஒரு தரம் ஓடினால் ஒன்று கூடும். நானும் யாத்விகாவும் அடுத்தடுத்த தறி, பத்தொன்பது வருஷம். ஷிப்டு மாறும்போது மேஸ்திரி எண்ணை எழுதிக்கொண்டு, சாவி போட்டுச் சக்கரத்தைத் திருப்புவான். மற்றவள் நெய்தது நம் தலையில் வராது, நாம் நெய்தது அவளுக்குப் போகாது.

"நாங்களும் அதேதான்" என்று நுன்சியோ சிரித்தான். "ஷிப்டுக்கு வந்தா முதல் காரியம் ரீசெட். முந்தின ஷிப்டு பண்ண பாவம் நம்ம மேல ஏறக் கூடாதுல்ல? ஹால்ல எல்லாரும் செய்யறதுதான்."

இவ்வளவு பெரிய மெஷினும் தறியைப் போலத்தானா என்று எனக்கு ஒரு பெருமை.

ஏப்ரல் 11, வியாழன்

வழக்கம்போல யாத்விகா வந்தாள், பட்டாணி உரித்தோம். கை ஓடவில்லை அவளுக்கு. செவ்வாய்க்கிழமை எண்களை ஹாலரன் கேட்டாராம். மூன்று மணிக்கு மெஷின் எழுதியதை எடுத்துப் பார்த்தால், வரம்பில் முட்டியது பூஜ்யம் தடவை, காத்திருந்தவர்கள் பூஜ்யம். ஆயிரம் பேர் கை கட்டி உட்கார்ந்த நாளில்!

"யாரோ நடுவுல துடைச்சிட்டாங்களாம். எப்ப துடைச்சாங்கன்னு அதுலயே நேரம் விழுந்திருக்காம். ஒண்ணு அம்பத்திரண்டு. அப்ப மெயின் திரை முன்னால ரோமன்தான் இருந்தான்னு சொல்றாங்க. அவன் தொடவே இல்லைங்கறான்."

"அப்ப தொடலை" என்றேன். "உன் மகன் பொய் சொல்ல மாட்டான்."

இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன். ஒன்று ஐம்பத்திரண்டு. நான் எத்தனை மணிக்கு அவனை அனுப்பினேன்?

ஏப்ரல் 12, வெள்ளி

காலையில் அவனைக் கூப்பிட்டேன். இறங்கி வந்தான், காபியைத் தொடவில்லை. நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டான்.

தட்டுகளை வைத்ததும் எல்லாரும் மொய்த்துக்கொண்டார்களாம். ரோமன் பக்கத்து அறைக்குத் தனியாக ஏதோ டேப் எடுக்கப் போயிருந்தார். மெயின் திரை சும்மா திறந்திருந்தது. மெஷின் ஓட ஆரம்பித்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. இவன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். கை பாட்டுக்கு அடித்தது. ரீசெட். சட்டப்படி முதலில் 'எழுது' என்று கட்டளை கொடுத்து, அது முடிந்த பிறகு திருப்ப வேண்டும். யாரும் செய்வதில்லை, நேரம் பிடிக்கும், மூன்று மணிக்கு அதுவே எழுதத்தானே போகிறது என்று. அடித்த பிறகு ரோமனோடு ஒரு அரஞ்சினி தின்றுவிட்டு, ரெண்டு மணிக்கு வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டான். ஆகவே தாளின்படி ஒன்று ஐம்பத்திரண்டுக்கு இவன் அங்கே இல்லவே இல்லை. அந்தத் திரையில் எல்லாரும் ஒரே பெயரில்தான் நுழைவார்கள், அடித்தது யாருடைய கை என்று மெஷினுக்குத் தெரியாது.

"சாப்பாடு கொண்டுவந்தே, உன்னைப் பார்த்தாங்களே எல்லாரும்?"

"வந்ததைப் பார்த்தாங்க. மணி யார் பார்த்தா? எல்லாரும் தட்டைத்தான் பார்த்தாங்க."

"நான் போய்ச் சொல்லிடறேன் நோன்னா, இன்னிக்கே" என்றான். முகம் வெளுத்து, பன்னிரண்டு வயதில் சால்வோவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றதுபோல் இருந்தான்.

நான் என்ன சொன்னேன்? எழுதத்தான் வேண்டும். யாரும் படிக்காவிட்டாலும் நான் படிப்பேனே.

"வாயை மூடிக்கிட்டு இரு" என்றேன். "ரோமன் பெரிய ஆள். இருபத்தாறு வருஷம் அங்க இருக்கார். அவரை ஒண்ணும் பண்ண மாட்டாங்க, ரெண்டு நாள் கத்திட்டு விட்டுடுவாங்க. உன்னைன்னா நாளைக்கே வெளிய தள்ளிடுவாங்க. ஊரெல்லாம் சொல்லிட்டேன்டா நான்."

ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். அதைத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

நற்கருணை வாங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 18, வியாழன்

விசாரணை முடியும்வரை ரோமனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்களாம். யாத்விகா பட்டாணியை உரித்து, பட்டாணியைக் குப்பையிலும் தோலைப் பாத்திரத்திலும் போட்டாள். இரண்டு பேரும் பார்த்துச் சிரித்தோம். நான் ஏன் சிரித்தேன்?

ஏப்ரல் 25, வியாழன்

யாத்விகா வந்தாள். மழையைப் பற்றிப் பேசினோம்.

ஏப்ரல் 26, வெள்ளி

வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். சும்மா நீக்கவில்லை. மெஷின் உறைந்ததற்காக இல்லையாம், அது யாருக்கும் நடக்கும் என்றாராம் ஹாலரன். எண்களைத் துடைத்ததற்காக. 'தன் தவறை மறைக்கப் பதிவுகளை அழித்தார்' என்று அவருடைய கோப்பில் ஒரு வரி.

மில்லில் எனக்கு ஒருமுறை நடந்தது. புது மேஸ்திரி ஒருத்தன் எழுதாமலே சக்கரத்தைத் திருப்பிவிட்டான். எட்டு மணி நேரம் நின்று நெய்த துணி என் முன்னால் சுருட்டிக் கிடக்கிறது, ஆனால் நான் நெய்யவில்லை. அன்றைக்கு முழு மில்லும் கேட்கக் கத்தினது யார்? யாத்விகா. தன் தறியை நிறுத்திவிட்டு வந்து, "இவ நெய்ததை நான் கண்ணால பார்த்தேன், எழுதுய்யா" என்று மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தாள். அவளுக்கும் அரை நாள் கூலி போயிற்று.

மே 1, புதன்

நுன்சியோ இன்று முதல் ஷிப்டுத் தலைவன். புது அடையாள அட்டை. நான் எதுவும் சமைக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. ரொட்டியும் சீஸும் தின்றுவிட்டுப் போனான்.

மே 2, வியாழன்

யாத்விகா வாழ்த்துச் சொன்னாள். நிஜமாகவே சொன்னாள். "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தி வீட்டுலயாவது சந்தோஷம் இருக்கே" என்றாள். அவள் கொண்டுவந்த பாப்பி விதைக் கேக் இன்னும் மேஜைமேல் இருக்கிறது. வெட்ட மனம் வரவில்லை.

மே 9, வியாழன்

ரோமன் ஏழு இடத்தில் கேட்டுவிட்டார். இந்த ஊரில் எந்த மூலையில் திரும்பினாலும் இன்சூரன்ஸ் கம்பெனிதான், எல்லா இடத்திலும் அதே மெஷின்தான். எல்லாரும் முதலில் சந்தோஷமாகக் கூப்பிடுகிறார்கள். பழைய கம்பெனிக்கு ஒரு போன் போடுகிறார்கள். அப்புறம் கூப்பிடுவதில்லை. கார் கொட்டகையில் உட்கார்ந்து பழைய திருகாணிகளை அளவு பார்த்து டப்பாவில் பிரிக்கிறாராம், நாள் முழுக்க.

"அவன் என்கிட்ட என்ன கேட்டான் தெரியுமா?" என்றாள் யாத்விகா. "ஒருவேளை நான்தான் அடிச்சிட்டேனோம்மா, பதட்டத்துல, ஞாபகம் இல்லாமங்கறான். அம்பத்துமூணு வயசுல பிள்ளை தன்னையே நம்ப மாட்டேங்கறான்டி."

நான் எழுந்து போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன். கழுவ ஒன்றும் இல்லை.

மே 10, வெள்ளி

நுன்சியோவிடம் சொன்னேன். போய்ச் சொல்லிவிடு என்று.

"இப்பவா? ஒரு மாசம் கழிச்சா? அன்னிக்கே சொல்றேன்னேனே. நீதானே வாயை மூடச் சொன்னே?"

"நான் சொன்னது தப்பு."

"தப்புன்னு இப்ப சொன்னா ஆச்சா? அன்னிக்குச் சொல்லியிருந்தா அது ஒரு மறதி. இன்னிக்குச் சொன்னா அது திருட்டு."

"அவர் தன்னையே சந்தேகப்படறார்டா. நான்தான் பண்ணேனோன்னு அம்மாகிட்ட கேக்கறார்."

அவன் படியேறிப் போய்விட்டான். மேலே வெகுநேரம் நடக்கிற சத்தம். ஜன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல்.

மே 12, ஞாயிறு

அன்னையர் தினம். லொரேதானா பூ அனுப்பினாள். மாடியிலிருந்து யாரும் இறங்கவில்லை. ஞாயிறுக்குள் சொல், இல்லாவிட்டால் நான் போவேன் என்று கதவுக்கு அடியில் காகிதம் போட்டிருந்தேன். எழுத்துப் பிழை இருந்திருக்கும். புரிந்திருக்கும்.

மே 13, திங்கள்

போனேன்.

கோயிலுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டு, தொப்பி, கைப்பை. ஃப்ராங்க்ளின் அவென்யூவில் பஸ் ஏறினேன். கம்பெனி வாசலில் பளிங்குத் தரை, கோயிலைவிடப் பெரிய கூடம். மேஜைக்குப் பின்னால் ஒரு பெண், "யாரைப் பார்க்கணும்மா?" என்றாள்.

"ஹாலரனை. எண்களைப் பத்தி."

"எந்த எண்? பாலிசி எண்ணா?"

"இல்லை. ஏப்ரல் ஒன்பது. ஒண்ணு அம்பத்திரண்டு. எழுதாம திருப்பினது."

அவள் மறுபடி கேட்டாள். நான் மறுபடி சொன்னேன். என் இங்கிலீஷ் எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது, மற்றவர்களுக்குத்தான் கேட்பதில்லை. ஒரு காவலாளி வந்தான், நல்ல பையன், நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான். "பாட்டி, வீடு எங்க? கூட யாரும் வந்தாங்களா?" என்று மெதுவாகக் கேட்டான். புத்தி தடுமாறிய கிழவி என்று நினைத்துவிட்டான். எனக்கு வந்த கோபத்தில், "என் பேரன் இங்க ஷிப்டுத் தலைவன்" என்று சொல்லிவிட்டேன். அந்த வாய். அந்தப் பாழும் வாய். அங்கேயும் அதைத்தான் சொல்லிற்று.

மணி ரெண்டேகால். அவன் ஷிப்டில் இருந்தான். கூப்பிட்டு அனுப்பினார்கள். லிஃப்ட் திறந்தது. புது அட்டை கழுத்தில் தொங்க நுன்சியோ வந்தான். கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன நோன்னா இது?" என்றான் எங்கள் பாஷையில், பல்லைக் கடித்துக்கொண்டு. "இத்தனை பேர் முன்னால."

"நீ சொல்லலைன்னா நான் சொல்லிட்டுப் போறேன். உட்கார்ந்திருக்கேன். சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்."

"உனக்கு என்ன தெரியும்? என்ன சொல்லுவே அவங்ககிட்ட?"

"நான் தறி ஓட்டினவ. எழுதாம திருப்பினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்லுவேன். உன்னைச் சீக்கிரம் அனுப்பினது நான். வாயை மூடச் சொன்னதும் நான். அதையும் சொல்லுவேன்."

அவன் காவலாளியிடம், "இவங்களுக்கு ஒண்ணும் இல்லை, நல்லாத்தான் இருக்காங்க" என்றான். "ஒரு டாக்சி கூப்பிடுங்க" என்றான். என் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுவிட்டான், குளிரவே இல்லை. லிஃப்டுக்குள் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

மே 14, செவ்வாய்

மாடியில் சத்தமே இல்லை. வேலைக்குப் போனானா தெரியவில்லை.

மே 16, வியாழன்

யாத்விகா வந்தாள். உட்காரவில்லை. கோட்டுகூடக் கழற்றவில்லை.

"நுன்சியோ நேத்து ராத்திரி வீட்டுக்கு வந்தான்" என்றாள். "ரோமன் எதிர்ல நின்னு சொன்னான். ஆபீஸ்லயும் எழுதிக் கொடுத்துட்டானாம்."

"ரோமன் என்ன சொன்னார்?"

"கொட்டகைக்குப் போயிட்டான். கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, 'அப்ப நான் அடிக்கலை'ன்னான். அவ்வளவுதான். அதையே மூணு தரம் சொன்னான்."

நான் காபிப் பாத்திரத்தை எடுத்தேன்.

"வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லு. உனக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. ஒரு வாரம் என்று சொல்லியிருந்தால் அவளும் நம்பத் தயாராகத்தான் நின்றாள். முகத்தில் தெரிந்தது.

"ஏப்ரல் பன்னண்டு."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "நாலு வியாழக்கிழமை" என்றாள். "நாலு வியாழக்கிழமை என் எதிர்ல உட்கார்ந்து பட்டாணி உரிச்சிருக்கே. அந்தப் பையன் பண்ணது கைத்தவறுடி. அவனை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ?"

"பயந்துட்டேன் யாத்விகா."

"பயமா? உனக்கா? மேஸ்திரிகிட்ட வேணா பயந்திருப்பே. இது பயம் இல்லை. படிக்கட்டுல நின்னு சொன்னியே எல்லார்கிட்டயும், அதைத் திருப்பி வாங்க மனசு வரலை உனக்கு."

கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்து சாத்தியிருக்கலாம்.

மே 24, வெள்ளி

நுன்சியோவிடமிருந்து இவ்வளவுதான் தெரிந்தது, அதுவும் படியில் நின்றபடி. ரோமன் கோப்பில் இருந்த வரியை எடுத்துவிட்டார்கள். வேலை திரும்பக் கிடையாது; அந்த இடத்தையே எடுத்துவிட்டோம் என்கிறார்களாம். இவனுடைய தலைவன் பதவி போயிற்று. ஊருக்கு வெளியே டேப் வைக்கிற கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

"அப்ப மெஷின் ஏன் உறைஞ்சுது? ரோமன் வரம்பாலயா, ஹாலரன் புரோகிராமாலயா?"

"தெரியாது நோன்னா. அது அந்த எண்ணுங்களுக்கு மட்டும்தான் தெரியும். இனிமே யாருக்கும் தெரியாது."

ஹால் முழுக்க இப்போது புதுச் சட்டமாம். எழுதாமல் யாரும் திருப்ப முடியாதபடி மெஷினிலேயே பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

ஜூன் 6, வியாழன்

பட்டாணி வாங்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

கோயிலில் யாத்விகா இப்போது இடது பக்க வரிசையில் உட்காருகிறாள், போலிஷ்காரர்களோடு. முப்பது வருஷமாக என்னோடு வலது பக்கம் உட்கார்ந்தவள். தலையசைக்கிறாள். எல்லாருக்கும் அசைப்பதுபோல.

கோயில் படியில் யாரோ நுன்சியோவைப் பற்றிக் கேட்டார்கள். "கிடங்குல இருக்கான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர்களுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது, இன்னும் ஏதோ வரும் என்று காத்து நின்றார்கள்.

ஜூலை 13, சனி

ரோமனுக்கு வூஸ்டரில் ஒரு பேங்க் ஹாலில் வேலை கிடைத்துவிட்டது. இதைவிடச் சின்ன மெஷின், ஆனால் அதே ரகம். ஒன்றரை மணி நேர தூரம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறார். எதிர்வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஜூலை 27, சனி

லாரி வந்தது. நுன்சியோ போய்ச் சாமான் ஏற்றினான், யாரும் கூப்பிடாமல். ரோமனும் அவனும் சோபாவின் இரண்டு முனையைப் பிடித்துப் படியில் இறக்கியதைத் தெருமுனையிலிருந்து பார்த்தேன். "உன் பக்கம் தூக்கு", "கதவு, கதவு", "விரல் பார்த்து". வேறு பேச்சில்லை.

நான் அரஞ்சினி செய்து கொண்டுபோயிருந்தேன். பாதி வழியிலேயே எனக்குப் புரிந்தது, வேறு எதை வேண்டுமானாலும் செய்திருக்கலாம், இதைச் செய்திருக்கக் கூடாது என்று. அப்படியே திரும்பி வந்துவிட்டேன். தனியாக உட்கார்ந்து ஒன்று தின்றேன். மீதியைக் குப்பையில் போட்டேன். வாழ்நாளில் முதல் முறையாகச் சாப்பாட்டைக் குப்பையில் போட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நுன்சியோ இறங்கி வந்து என்னோடு சாப்பிட்டான். மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. உப்புக் குறைவு என்றான். இல்லை, சரியாகத்தான் இருந்தது. பேச ஏதாவது வேண்டுமே அவனுக்கு.

கிளம்பும்போது, "அன்னிக்கு நீ வந்தது" என்றான், நிறுத்தினான். "எனக்குத் தானா தைரியம் வந்திருக்காது, நோன்னா. ஆனா நீ வந்திருக்க வேண்டாம்னும் இருக்கு. ரெண்டும் இருக்கு."

"இருக்கட்டும்" என்றேன்.

செப்டம்பர் 12, வியாழன்

வூஸ்டர் விலாசத்தை நுன்சியோ ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறான். நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

கடிதம். நாலு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. பேரப்பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி வந்தாலே பேனா அங்கேயே ஓடுகிறது, அதனால் கிழிக்க வேண்டியிருக்கிறது. நாளைக்குத் தபாலில் போடப்போவதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

யாத்விகா,

சவுக்கியமா. முழங்கால் எப்படி இருக்கிறது. அங்கே படிக்கட்டு அதிகம் இல்லாத வீடு என்று நுன்சியோ சொன்னான்.

நீ சொன்னது சரி. அது பயம் இல்லை. நீ ஏன் கேட்டாய் என்று எனக்குத் தெரியும், நான் ஏன் சொல்லவில்லை என்றும் தெரியும். மன்னிக்கச் சொல்லவில்லை. நீ மன்னித்ததாகச் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன், உன்னை எனக்குத் தெரியாதா.

நேற்று அலமாரியிலிருந்து படங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். என் வீட்டுப் படங்கள் நாலு டப்பா. முப்பது வருஷத்தில் அதில் உன் படம் ஒன்றே ஒன்று. மில் பிக்னிக்கில் எடுத்தது. அதிலும் கைக்குழந்தை நுன்சியோவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய், அவன் முகம் தெரிய வேண்டும் என்று உன் முகத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. நான்தான் எடுத்திருப்பேன்.

ரோமன் ஏதாவது ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தால் உன்னை ஒரு படம் எடுக்கச் சொல். வெளிச்சத்தில் நின்றுகொள். யாரையும் தூக்கிக்கொள்ளாதே. நீ மட்டும். எடுத்து எனக்குத் தபாலில் போடு.

அசுந்தா